கடல் கடந்த மடல்: ஓடைக்கு ஓர் ஆள்

லாங்போர்ட் அருகே, சோமர்செட்
தை மாதம்



சென்னையை அடுத்த ஆவடியின் சேக்காட்டில் இருந்த காலத்தில் மண்ணெண்ணெய்க்காக ரேஷன் கடையில் நின்றவன் நான். பின்னால் நிற்பவரின் கேன் முழங்காலில் இடிக்கும். நம் முறை வருவதற்குள் பீப்பாய் காலியாகிவிடுமோ என்ற பயம் வயிற்றில் இருக்கும். இன்று இங்கிலாந்தில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் டாங்க் நிற்கிறது. ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். உள்ளே இருப்பது அதே மண்ணெண்ணெய்தான். எரிவாயுக் குழாய் எட்டாத கிராமங்களில் பெரும்பாலோர் இதை எரித்துத்தான் வீட்டைச் சூடாக்குகிறார்கள். 500 லிட்டருக்குக் குறைவாகக் கேட்டால் லாரி வருவது கஷ்டம். அதனால் அக்கம்பக்கத்தில் பத்து வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் கொடுத்து, விலையையும் கொஞ்சம் இறக்கிப் பேசிவிடுவோம். ஊரில் இருக்கும் அத்தையிடம் போனில் சொன்னேன். “ஐந்நூறு லிட்டரா! ஏம்பா, ஊருக்கே வெளக்கேத்தலாமே” என்றார்.

ஊரிலிருந்து பேசுகிற எல்லோரும் முதலில் கேட்பது, “ஸ்னோ விழுதா?” என்று. இல்லை. இது எனக்கு ஆறாவது குளிர்காலம். கீழே விழுந்து இரண்டு நாள் தங்கிய பனியை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். தென்மேற்கு மூலையில் இருக்கும் இந்தப் பக்கத்தில் குளிர்காலம் என்றால் இருட்டும் தண்ணீரும்தான். டிசம்பர் கடைசியில் காலை எட்டேகால் சுமாருக்கு விடியும், மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். டான்டன் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் மனைவி, பகல் ஷிப்ட் வாரங்களில் சூரியனை ஜன்னல் கண்ணாடி வழியாக மட்டுமே பார்க்கிறாள். மார்கழியில் நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்த வீட்டுப் பெண். இங்கேயும் நாலரைக்குத்தான் எழுகிறாள், வாசல்தான் வழுக்குகிறது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடலே.

சோமர்செட் லெவல்ஸ் என்பது சுமார் 650 சதுர கிலோமீட்டர் தாழ்நிலம். ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்ததை மடங்களும் விவசாயிகளும் நூற்றாண்டுக் கணக்கில் ஓடை வெட்டி வடித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். இதைத் தொட்டிருக்கும் பிரிஸ்டல் கால்வாயில் ஏற்றவற்றம் உலகத்திலேயே மிகப் பெரிய அளவுகளில் ஒன்று. பெரிய ஏற்றத்தில் கடல் நீர் எங்கள் வயல்களைவிட உயரத்தில் நிற்கும். ஆகவே ஆற்றில் வெள்ளம் வரும் நாளில் கடலும் ஏறியிருந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது, வயலில்தான் உட்காரும். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் எதிரிகளிடமிருந்து தப்பி ஒளிந்த ஏதல்னி இங்கேதான் இருக்கிறது. குடிசைக்காரி பார்த்துக்கொள்ளச் சொன்ன ரொட்டியை ராஜா கருகவிட்டுத் திட்டு வாங்கினார் என்று கதை. படையெடுத்தவர்களால் நுழைய முடியாத அளவுக்கு அன்று சுற்றிலும் தண்ணீர்.

எங்கள் ஊருக்கு அடுத்தது மச்சல்னி. பழைய ஆங்கிலத்தில் ‘பெரிய தீவு’ என்று பொருள். 2014 ஜனவரியில் அந்தப் பெயர் மறுபடி நிஜமானது. ஊருக்குள் வரும் சாலைகள் எல்லாம் மூழ்கின. வாரக்கணக்கில் படகில்தான் பள்ளிக்கூடம், படகில்தான் பால், படகில்தான் தபால். மூர்லாண்ட் என்ற ஊரையே பிப்ரவரியில் காலி செய்ய வேண்டியிருந்தது. அங்கே ஒருவர் மட்டும் தன் வீட்டைச் சுற்றித் தானே மண்ணைக் குவித்துக் கரை போட்டு, நடுவில் கோட்டைபோல வீட்டைக் காப்பாற்றினார். அப்போது எடுத்த வான்படத்தை இன்றும் இங்கே எல்லோரும் காட்டுவார்கள். பாரெட், டோன் என்ற இரண்டு ஆறுகளையும் வருஷக்கணக்கில் தூர் வாராததுதான் காரணம் என்று ஜனங்கள் சாலையோரம் தட்டி எழுதி வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டபோது சொந்த ஊருக்கே வந்துவிட்டதுபோல இருந்தது. தூர் வாரவில்லை என்ற புகார் தமிழனுக்கு மட்டும் சொந்தமில்லை. தண்ணீர் வடிந்ததும் இரண்டு ஆறுகளிலும் சேர்த்து 8 கிலோமீட்டர் தூர் வாரினார்கள். மச்சல்னி சாலையை உயர்த்தினார்கள். 2015இல் ஆறுகளுக்கென்றே தனி அமைப்பு வந்தது. தூர் வாரினால் மட்டும் போதாது, மேட்டு நிலத்தில் மழைநீரைப் பிடித்து வைக்கவும் வேண்டும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. டீக்கடை இல்லாத குறைக்கு அந்த வாதம் பப்பில் நடக்கிறது.

ஆனால் என்னை அசத்தியது ஆறு இல்லை, ஓடை. இங்கே அதை ‘ரீன்’ என்கிறார்கள். என் வேலியை ஒட்டி ஒன்று ஓடுகிறது, நாலு அடி அகலம் இருந்தால் அதிகம். வீடு வாங்கும்போது அதை ஒரு அழகாகத்தான் நினைத்தேன். மூன்றாவது வருஷம் வடிகால் வாரியத்திலிருந்து கடிதம்: உங்கள் பக்கத்துக் கோரையையும் பாசியையும் அகற்றவும். ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்தான் அதைச் சுத்தமாக வைக்க வேண்டுமாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து நடந்து பார்ப்பார். இப்படிப் பார்வையில் இருக்கும் ஓடைகளுக்கு ‘பார்த்த ரீன்’ என்றே பழைய காலத்துப் பெயர். எதிர்வீட்டு எண்பது வயது அம்மாள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, தன் கொட்டகையிலிருந்து நீளக் கைப்பிடி போட்ட ஒரு வளைந்த கத்தியை எடுத்து வந்தார். அவர் புருஷன் வைத்திருந்ததாம். தண்ணீரின் போக்குக்கு எதிராக நின்று அறுக்க வேண்டும், அறுத்ததைக் கரையில் ஒரு ராத்திரி போட்டு வைக்க வேண்டும், அதில் சிக்கிய பூச்சிகளும் விலாங்குக் குஞ்சுகளும் திரும்பித் தண்ணீருக்குள் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தார். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். எனக்கு வாய் வரவில்லை. “அம்மா” என்றே வந்துவிடுகிறது. இப்போது அதற்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டார்.

இதையும் அத்தையிடம் சொன்னேன். “இதென்ன அதிசயம்? நம்ம ஏரிக்கு நீர்க்கட்டி இருந்தாரே. மதகு தெறக்கறதும் அவர்தான், மூடறதும் அவர்தான். அறுப்பு முடிஞ்சா களத்துலயே அவருக்கு நெல்லு அளந்துடுவாங்க” என்றார். ஊராரே கூடி ஏரியையும் கால்வாயையும் பராமரிக்கும் இந்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர்; அந்தச் சொல்லை நான் புத்தகத்தில் படித்தவன். கரை உடைகிற நேரத்தில் ஊரார் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று மெட்ராஸ் மாகாணத்தில் 1858இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். வழக்கமாக இருந்ததை வெள்ளைக்காரன் சட்டமாக்கினான். சட்டமான பிறகு வழக்கம் மெலிந்துபோனது என்பது என் எண்ணம். 2017இல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. நீர்க்கட்டி திரும்பி வரவில்லை. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அத்தை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. மிக்சியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆவடி 2019இல் மாநகராட்சியாகிவிட்டது. ஊர் வளர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஓடைக்கு ஆள் இல்லாமல் போனதில்தான் வருத்தம்.

சரி, ஊர்ச் செய்திகள். தேவாலயத்து மணியடிக்க இரண்டு பேர் தேவை, முன்அனுபவம் வேண்டாம், ஏணியில் ஏறத் தெரிந்தால் போதும் என்று அறிவிப்புப் பலகையில் தாள். புதன்கிழமைகளில் ஊர்க் கூடத்தில் ஹீட்டர் போட்டு சூப் கொடுக்கிறார்கள், எரிபொருள் செலவுக்குப் பயந்து வீட்டில் குளிரில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களுக்காக. கூடை முடைய வளர்க்கும் வில்லோ மிலாறுகளை அறுக்கும் பருவம் இது. சாயங்காலங்களில் ஹாம் வால் சரணாலயத்தில் லட்சக்கணக்கான மைனா இனப் பறவைகள் கரும்புகைபோலச் சுழன்று நாணலில் அடைகின்றன. அன்றைக்கு எங்கே அடையும் என்று சொல்ல ஒரு தொலைபேசி எண்ணே இருக்கிறது!

ஜனவரி 17 அன்று கார்ஹாம்ப்டன் போய் வந்தோம். ஆப்பிள் மரத்துக்கு வாழ்த்துப் பாடும் ‘வாசெயில்’ சடங்கு. இருட்டில் தோப்பில் நெருப்பு மூட்டி, சைடரில் நனைத்த ரொட்டித் துண்டைக் கிளையில் செருகி, கெட்ட ஆவிகள் ஓட வேட்டுப் போடுகிறார்கள். 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை 14 என்று ஆக்கி 11 நாட்களை முழுங்கிவிட்டார்கள். இவர்கள் பழைய கணக்கை விடாமல் பிடித்திருப்பதால் இந்தத் தேதி. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று அடித்துக்கொள்ளும் நமக்கு இது புரியாதா என்ன? என் மகன் போகி மேளத்தைக் கொண்டுவந்திருந்தான். போன வருஷம் அத்தை வாங்கிக் கொடுத்தது. சத்தம் போட எல்லோரும் தட்டும் கரண்டியுமாக நின்ற இடத்தில் இவன் தோல் மேளத்தைக் குச்சியால் விளாசியதும் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, “இதுதானப்பா எங்களுக்கு இத்தனை வருஷம் இல்லாமல் இருந்தது” என்றார். ஈரக் காற்றில் தோல் தொய்ந்து பத்து நிமிஷத்தில் சத்தம் செத்துவிட்டது. நெருப்பில் காட்டி மறுபடி ஏற்றிக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீர்க்கட்டி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அத்தைக்கும் இப்போது மதகு எந்தப் பக்கம் இருந்தது என்பது குழம்புகிறது. பட்டாபிராம், சேக்காடு பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் யாராவது, எங்கள் ஏரியின் மதகும் கலங்கலும் எங்கே இருந்தன, போக்குக் கால்வாய் எந்தத் தெரு வழியாகப் போனது என்று நினைவிருந்தால் ஒரு தாளில் வரைந்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.