கம்பி கட்டுற கதை

துபாய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புர்ஜ் கலீஃபா, தங்கக் கடை, சென்ட் பாட்டில், துபாய் ரிட்டர்னாக வந்து அலப்பறை பண்ணும் வடிவேலு... எனக்கு ஞாபகம் வருவது ஒரு பாத்ரூம் குழாய். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் அப்பா துபாயில் ஸ்டீல் ஃபிக்ஸர். அதாவது கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பி கட்டும் வேலை. "உங்கப்பா என்னடா பண்றாரு?" என்று யாராவது கேட்டு, "கம்பி கட்டறாரு" என்று நான் சொன்னால் நம்ம கிளாஸே சிரிக்கும். சிரிக்கட்டும். அவர் இத்தனை வருஷமாக இரண்டையும்தான் செய்கிறார். பகலில் கம்பி, ராத்திரி போனில் கதை.

அதற்கு முன்னால் அவர் பட்டு நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நம் காலேஜில் நிறைய பேர் இருப்பதால் கோர்வையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் கூட உட்கார வேண்டும். எங்கள் தறியில் அந்த ஆள் அம்மா. இருவரும் குனிந்த தலை நிமிராமல் நெய்தும் முன்பணக் கடன் குறையவில்லை. 2014-இல் அப்பா விமானம் ஏறினார். எனக்கு அப்போது ஏழு வயது. ஆள் போனதும் கோர்வை நின்றது, தறியும் நின்றது. குழிக்கு மேல் பலகை போட்டு அதன்மேல் இப்போது கேஸ் சிலிண்டர் நிற்கிறது.

இனி குழாய்க் கதை. அங்கே கோடையில் மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொதித்துவிடுமாம். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். போன புதிதில் அப்பா அலறியிருக்கிறார். ரூமில் இருந்த பழைய ஆள் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, ஹீட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறங்க" என்றாராம். ஹீட்டர் டாங்க் ஏசி போட்ட கட்டடத்துக்குள் இருக்கிறது, சுற்றிலும் இன்சுலேஷன். அதில் தேங்கிய தண்ணீர்தான் குளிக்கிற சூட்டில் இருக்கும். தெர்மல் இன்ஜினியரிங் பேப்பரில் இந்தக் கேள்வி வந்தால் நான் ஒரு பக்கம் எழுதுவேன்!

இன்னொன்று. குடும்பத்தை விட்டுத் தனியாக வந்த ஆம்பிளை எல்லாருக்கும் அந்த ஊரில் 'பேச்சிலர்' என்று பேர். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற என் அப்பாவும் பேச்சிலர். பேரன் எடுத்தவரும் பேச்சிலர். "உங்கம்மாகிட்ட சொல்லாதடா" என்று அப்பா சிரிப்பார். அவர் இருக்கும் கேம்ப் முஹைஸ்னாவில். தொழிலாளிகள் வாயில் அதற்குப் பேர் சோனாப்பூர். இந்தியில் தங்க ஊர் என்று அர்த்தமாம். அந்தத் தங்க ஊரில் ஒரு ரூமுக்கு எட்டு பேச்சிலர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்.

அப்பா கதைகளில் எனக்குப் பிடித்தது புடவைக் கடைக் கதைதான். ஒரு லீவு நாளில் ஒரு திர்ஹாம் கொடுத்து படகில் க்ரீக்கைத் தாண்டி பர் துபாய் போயிருக்கிறார். மீனா பஜாரில் ஒரு கடை வாசலில் பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டி, 'காஞ்சிபுரம்' என்று போர்டு. அப்பா நின்றுவிட்டார். கம்பெனி டீஷர்ட், காலில் சேஃப்டி ஷூ. மலையாளி சேல்ஸ்மேன் வெளியே வந்து, "சேட்டா, எந்தா வேண்டே?" என்றாராம். அப்பா பதில் சொல்லாமல் முந்தானை ஓரத்தைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு, "இது கோர்வை இல்ல தம்பி, ஒரே நாடா ஓட்டினது" என்றிருக்கிறார். சேல்ஸ்மேன் முழித்து, "நிங்ஙள் ஆரா?" என்று கேட்க, "கம்பி கட்டறவன்" என்று சொல்லிவிட்டு நடந்தாராம். சொல்லி முடித்ததும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சின்ன வயதில் நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். கொஞ்சம் பெரியவனானதும் ஒன்று உறைத்தது. இவர் கதைகளில் தண்ணீர் கொதிக்கிறது, வெயில் மட்டும் வருவதே இல்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அப்படியொரு சட்டம் போட வேண்டியிருந்தால் வெயில் எப்படி இருக்கும்? கம்பியைத் தொட்டால் என்ன ஆகும்? "நம்ம ஊர் கத்திரி மாதிரிதான்டா" என்பார். அதோடு சரி.

2019-இல் அத்திவரதர் எழுந்தருளினார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஊரே தாங்காத கூட்டம். எங்கெங்கிருந்தோ யார் யாரோ காஞ்சிபுரம் வந்தார்கள், காஞ்சிபுரத்துக்காரர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை. "டிவியில பாத்துட்டேன், இங்க ஏசியில உக்காந்து சௌகரியமா சேவிச்சேன்" என்று குரல் பதிவு அனுப்பினார். (அப்போதெல்லாம் அங்கே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான் அனுப்ப முடியும், நேராகப் பேச முடியாது.) அடுத்தது 2059. அப்பாவுக்கு அப்போது எண்பது தாண்டியிருக்கும்.

2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் மழை கொட்டியது. அந்த நாடு மழையை அளக்க ஆரம்பித்த 1949-இலிருந்து அப்படியொரு மழை இல்லை. விமான ஓடுபாதையே ஏரி. மூன்று நாள் கழித்து அப்பா அனுப்பிய செய்தி: "பாலைவனத்துல படகு விடறாங்கடா. பாலாத்துல தண்ணி இருக்கா?" நம்ம பாலாற்றில் அந்த வாரம் பசங்க கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே முன்பு வெள்ளிக்கிழமைதான் வார லீவாக இருந்தது. 2022 ஜனவரியில் அரசாங்கம் அதைச் சனி, ஞாயிறுக்கு மாற்ற, அப்பா கம்பெனியிலும் ஞாயிறு லீவு ஆனது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவருக்கும் எனக்கும் ஒரே நாளில் லீவு! நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் ஊர் அது. நான் ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிடும்போது அவர் ஏழரைக்குத் துணி துவைத்துக்கொண்டிருப்பார்.

அப்பா ஐந்தாவதோடு நின்றவர். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று அச்சடித்திருப்பார்கள். அரபு நாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். 1983-ஆம் வருஷத்துச் சட்டம். ஏமாறாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு, தப்பில்லை. ஆனால் அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் கவுன்ட்டரில் குரல் மாறும் என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். போன வருஷம் எனக்கு பாஸ்போர்ட் வந்தது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான், அதனால் எனக்கு அந்த முத்திரை இல்லை. வீடியோ காலில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். "ஒண்ணும் போடலையே?" "போடலப்பா." "நல்லா கிட்டக்க காட்டு."

ஏசி டெக்னீஷியனுக்கு அங்கே ஆள் தேவை, டிப்ளமோ கையோடு வரச் சொல் என்று அப்பாவின் ரூம் நண்பர்கள் சொல்கிறார்களாம். இங்கே ஒரகடத்தில் கேம்பஸ் வேலை கிடைத்தாலும் அங்கே கிடைக்கும் சம்பளம் வராது. தங்கச்சி பன்னிரண்டாவது படிக்கிறாள். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்று கேட்டேன். வேறு எதற்கும் கதை சொல்பவர் இதற்கு மட்டும், "பரீட்சையை முடி, பாக்கலாம்" என்கிறார்.

போன மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்து, எங்கள் தறியின் ஜக்கார்டு பெட்டியை விலைக்குக் கேட்டார். நல்ல விலைதான். அம்மா அப்பாவைக் கேட்டாள். ராத்திரி குரல் பதிவு வந்தது. பாதி காற்றுச் சத்தம், சைட்டிலிருந்து பேசியிருக்கிறார்.

"குடுக்காத. வைகாசி கருட சேவைக்கு வரேன், பாத்துக்கலாம்."