மழைத்துளியில் ஒரு விளக்கு

காஸ்பியன் கடலோரத்து எண்ணெய் நகரம் பாக்கூ, அஜர்பைஜானின் தலைநகர். காற்றுக்குப் பேர்போன அந்நகரில் மழை சொற்பம். தெற்கே, தேயிலை விளையும் லெங்கோரானிலோ வானம் வாரி வழங்கும்.

இந்நாட்டின் 15 வயது மாணவி ரெய்ஹான் ஜமாலோவா, 2017ஆம் ஆண்டு தம் குழுவினருடன் மழைநீரால் மின்சாரம் தரும் 'ரெய்னெர்ஜி' கருவியை உருவாக்கினார். ஒன்பது மீட்டர் உயரக் கருவியில் சேரும் நீர் விசையுடன் பாய்ந்து மின்னாக்கியைச் சுழற்றும். மின்சாரம் பேட்டரியில் சேரும்.

கணக்கையும் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் நீர் ஒன்பது மீட்டர் இறங்கினால், சேதாரமே இல்லையெனினும், 5 வாட் விளக்கொன்று ஏறத்தாழ ஐந்து மணி நேரமே எரியும். குளிர்பெட்டிக்கு இது போதாது. ஆயினும், மின்கம்பம் எட்டாத குடிலில், மழையிரவில் ஒரு பிள்ளை பாடம் படிக்க இவ்வொளி போதுமன்றோ!