மகளின் இடது பாதம்

என் இளைய மகள் பிறந்தபோது அவளுடைய இடது பாதம் உட்புறமாகத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்தவுடன் என் உம்மா, "கிரகணத்தன்று வாசலுக்குப் போகாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே" என்று மருமகளைக் கடிந்துகொண்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டதையும், மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டபோது அண்ணலார் அதை மறுத்துரைத்ததையும் ஆண்டுதோறும் மத்ரஸாவில் பாடம் நடத்துபவன் நான். ஆயினும் அன்று நான் வாய் திறக்கவில்லை. அது என் முதல் தவறு.

எலும்பு மருத்துவர் பதறவில்லை. "பொன்செட்டி முறையில் சரிசெய்துவிடலாம்" என்றார். ஏதோ நம் ஊர்ச் செட்டியார் ஒருவர் கண்டறிந்த வைத்தியம் என்றே நான் எண்ணிக்கொண்டேன்! அவர் ஸ்பெயின் நாட்டின் மினோர்கா தீவில் 1914இல் பிறந்த இக்னாசியோ பொன்செட்டி என்பதைப் பின்னரே அறிந்தேன். கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன். உள்நாட்டுப் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்து, பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக 1941இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தை அடைந்தவர்.

வாரம் ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு கட்டுகள். பின்னர் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. மீண்டும் மூன்று வாரக் கட்டு. அதன்பின் இரு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த சாதனத்தைத் தந்தார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு நான்கு வயது வரை உறங்கும்போது மட்டும்.

குழந்தை இரவில் வீறிட்டு அழும். என் மனைவி கல்லாக இருந்தாள், நான்தான் இளகினேன். அவள் அயர்ந்ததும் ஓசையின்றிக் காலணியைக் கழற்றிவிட்டு, ஸுப்ஹு பாங்குக்கு முன் மாட்டிவிடுவேன். சில மாதங்களில் பாதம் மீண்டும் உட்புறம் திரும்பத் தொடங்கியது.

மருத்துவரிடம் உண்மையைக் கூறினேன். அவர் சினம் கொள்ளவில்லை. பொன்செட்டியின் கட்டுரைகள் சிலவற்றின் நகல்களைக் கொடுத்து, "படித்துப் பாருங்கள்" என்றார். கலைப் பட்டதாரியான எனக்கு அந்த ஆங்கிலம் எளிதாக இல்லை, அகராதியுடன் அமர்ந்தேன்.

எத்தனை கட்டுரைகள் எழுதினார் என்பதன்று, ஒன்றையே எவ்வளவு காலம் தொடர்ந்தார் என்பதே என்னை வியக்க வைத்தது. 1940களில், தம் மருத்துவமனையில் முன்னர் அறுவை செய்யப்பட்டவர்களை அவர் மீண்டும் பரிசோதித்தார். பாதங்கள் விறைத்து, வலியுடன் இருந்தன. எனவே கத்தியை விடுத்துக் கைகளை நம்பினார். 1963இல் 94 பாதங்களின் விளைவை வெளியிட்டார். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை மீண்டும் வளைந்ததை அவர் மறைக்கவில்லை. தம் முறையைப் புகழ வந்த இடத்தில் அதன் குறையையும் எண்ணிக்கையுடன் எழுதிவைப்பவர் எத்தனை பேர்? அறிவிப்பாளரின் நாணயத்தை உரசிப் பார்க்கும் ஹதீஸ் கலையைக் கற்பிப்பவனுக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

1980இல் மீண்டும் ஒரு கட்டுரை. 1995இல் அயோவா மருத்துவர்கள் இருவர், குழந்தைப் பருவத்தில் அவரிடம் சிகிச்சை பெற்று நடுவயதை நெருங்கியிருந்த 45 பேரைத் தேடிப் பரிசோதித்தனர். 78 விழுக்காட்டினரின் பாதங்கள் நன்றாகவோ மிக நன்றாகவோ இயங்கின. பிறவிக் குறையற்ற பாதமுடையோரிடையே அது 85 விழுக்காடு, வேறுபாடு அவ்வளவுதான். ஆயினும் பெரும்பாலான மருத்துவர்கள் அறுவையையே நாடிவந்தனர். 1990களின் பிற்பகுதியில், பயனடைந்த பெற்றோர் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பிய பிறகே உலகம் அவர் பக்கம் திரும்பியது. தம் முறை பல நாடுகளுக்குச் சென்றதைக் கண்ட பின்னரே, 2009இல் தமது 95ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இடையில் எத்தனை குழந்தைகள் விறைத்த காலுடன் வளர்ந்தார்களோ! அந்த மருத்துவர்களைக் குறைகூற நாவு எழுந்தாலும், இரவில் நான் கழற்றிய காலணி நினைவுக்கு வந்துவிடுகிறது.

மீண்டும் மாவுக்கட்டு, மீண்டும் காலணி. இம்முறை அதை மாட்டும் பொறுப்பை நானே ஏற்றேன். உம்மாவிடமும் கிரகணத்தைப் பற்றிப் பக்குவமாக எடுத்துரைத்தேன். அவர்கள் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் மருமகளிடம் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மகளுக்கு இப்போது பதினோரு வயது. அல்ஹம்துலில்லாஹ், ஸஜ்தாவில் இரு பாதங்களின் விரல்களும் கிப்லாவை நோக்கி ஒன்றுபோல வளைகின்றன. இடது பாதம் மட்டும் ஓர் அளவு சிறியது. பெருநாளுக்குச் செருப்பு வாங்கச் சென்றால் கடைக்காரர் இரண்டு ஜோடிகளைப் பிரிக்க மறுக்கிறார். சிறிய செருப்பில் வலது கால் நுழையாது. பெரியதை வாங்கி, இடது செருப்பில் அவளே பஞ்சு வைத்துக்கொள்கிறாள்.