உப்பு நீரில் பழகியவர்கள்

பழவேற்காட்டு ஏரிக்கரையினராகிய நமக்கு அருவிக் காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம். சென்ற தையில் மீஞ்சூரில் இரயிலேறித் தடாவில் இறங்கி, ஆந்திர எல்லைக்குள் உள்ள உப்பலமடுகு அருவிக்குச் சென்றோம். கல்லும் ஓடையுமாகக் காட்டுவழி நெடுநடை.

உடன் வந்த மீனவ இளைஞர்கள் மடுவைக் கண்டதும் குதிக்க விரைந்தனர். பெரியவர் ஒருவர் தடுத்தார். “தம்பி, உப்புத் தண்ணி ஆளைத் தூக்கும், இது அவ்வளவு தூக்காது. நம்ம ஏரியிலே பல இடத்தில் கால் ஊனலாம். இங்கே அடியே தெரியாது” என்றார். மலைமேல் பெய்யும் மழையும் கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஓடை கலங்கினால் உடனே கரையேற வேண்டும்.

இளைஞர்கள் முகம் சுளித்தனர். ஆயினும் ஆழமற்ற ஓரத்திலேயே நீராடினோம். கட்டுச்சோற்றுக்கு நெத்திலிக் கருவாடு; பிள்ளைகள் அருவியைவிட அதையே புகழ்ந்தனர்!