ஒரு தாச்சி, ரெண்டு பேர்



"நீங்க ரெண்டு பேருந்தானே, உங்களுக்கு என்ன பெரிய சமையல்?"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து நாங்கள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். வலீமா வீட்டில் கேட்பார்கள், மையித்து வீட்டில் கேட்பார்கள், கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கேட்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி மடித்து வைத்திருக்கும். அது பிள்ளைகளைப் பற்றியது. அதற்கான பதில் அல்லாஹ்விடம் இருக்கிறது. சமையலைப் பற்றிய கேள்விக்கு எங்களிடமே பதில் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

நம் ஊர்ச் சமையலின் அளவே பெரிது. கல்யாணத்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறோம். நோன்பு காலத்தில் பள்ளிக் கஞ்சி பெரிய கிடாரத்தில் வேகிறது. உம்மாமார் சொல்லித்தரும் ஆணத்துக்கெல்லாம் அளவு "எட்டுப் பேருக்கு" என்றுதான் தொடங்கும். எங்கள் இருவரின் உம்மாமாரும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அதனால் ரெண்டு பேருக்கு ஆக்குவது என்றால் அது சமையலே இல்லை, ஏதோ சமாளிப்பு என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ரெண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டை முழு வீடாகக் கணக்கெடுக்காத எண்ணமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், மற்றவர் தமிழ். இருவரும் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் பயின்றுவிட்டு மலைநாட்டுக்குத் திரும்பியவர்கள். பாடசாலை ஒன்றரைக்கு விட்டாலும் பின்னேர வகுப்பு, கொப்பி திருத்தம் எல்லாம் முடிய மஃரிப் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் அடுப்படி.

ஒரே தாச்சியில் இராச்சாப்பாட்டை முடிக்கும் வழக்கத்தை எங்களுக்குக் கொண்டுவந்தது 2022. அந்த வருஷத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஒக்டோபர் தொடக்கம் வரை கொழும்பில் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபா ஆனது. அந்தக் காசைக் கையில் வைத்திருந்தாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைக் கயிற்றால் கோர்த்து வரிசையில் விட்டுவிட்டு வந்தோம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. ரைஸ் குக்கரை நம்பவும் வழியில்லை.

அதுவரை எங்கள் வீட்டிலும் எல்லா வீட்டையும் போலத்தான். சோறு ஒரு சட்டியில், பருப்பு ஒரு சட்டியில், சுண்டல் இன்னொன்றில். மூன்று சட்டியையும் தனித்தனியே சூடாக்க வேண்டும், மூன்றிலிருந்தும் ஆவி போகும். இருந்த ஒரு சிலிண்டரை இழுத்துப் பிடிக்க எல்லாவற்றையும் ஒரே தாச்சிக்குள் கொண்டுவந்தோம். காஸ் வரிசை ஒழிந்து நாளாகிவிட்டது. தாச்சிப் பழக்கம் மட்டும் போகவில்லை. அரை மணித்தியாலத்தில் சாப்பாடு, கழுவ ஒரே பாத்திரம், மிச்சம் இல்லை.

செய்முறைக்கு முன்னால் நாலு விஷயம். இவை பிடிபட்டால் எந்த மரக்கறியையும் வைத்து நீங்களே ஆக்கிக்கொள்ளலாம்.

ஒன்று, நெருப்பு. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 98 பாகைக்குச் சற்று மேலே கொதித்துவிடும். கொதித்த பிறகு நெருப்பைக் கூட்டினால் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, ஆவிதான் கூடும். ஆகவே கொதி வந்ததும் நெருப்பைச் சிறிதாக்கி மூடியைப் போடுங்கள். நெருப்பு தாச்சியின் அடியைத் தாண்டி வெளியே நக்கினால் அது உங்கள் காசு.

ரெண்டு, தண்ணீர். எட்டுப் பேருக்கான அளவை நாலால் பிரித்தால் தண்ணீர் கணக்கு மட்டும் பிழைக்கும். அகலமான தாச்சியில் கொஞ்சச் சோறு வேகும்போது ஆவியாகிப் போகும் பங்கு அதிகம். கால் சுண்டு தண்ணீர் கூட வையுங்கள்.

மூன்று, வரிசை. வேக நேரம் எடுப்பது முதலில், கெதியாக வேகுவது கடைசியில். கிழங்கு, கரட் முதலில். போஞ்சி, கோவா நடுவில். கீரையும் தக்காளியும் இறக்கப் போகும் நேரத்தில். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட வேண்டுமென்றால் கிழங்கை விரல் நகத் தடிப்புக்கு வெட்டுங்கள்.

நாலு, உப்பு. தண்ணீர் வற்றிக்கொண்டு போகும் சமையல் என்பதால் தொடக்கத்தில் பாதி உப்புத்தான். மீதி கடைசியில், ருசி பார்த்து.

இனி எங்கள் வீட்டில் வாரத்தில் மாறி மாறி வரும் மூன்று சாப்பாடு.

பருப்புச் சோறு. ஒரு சுண்டு வெள்ளைப் பச்சையரிசி, கால் சுண்டு மைசூர்ப் பருப்பு. ரெண்டையும் கழுவி ஒன்றாக ஊறப்போட்டுவிட்டு மஃரிப் தொழுதுவிட்டு வாருங்கள். தாச்சியில் ரெண்டு கரண்டி எண்ணெய், வெங்காயம், ரெண்டு பல் உள்ளி, ஒரு துண்டு ரம்பை, கறிவேப்பிலை. வாசம் வந்ததும் மஞ்சள், ஒரு கரட், ஒரு பிடி லீக்ஸ். அரிசியும் பருப்பும் போட்டு ஒரு பிரட்டல். ரெண்டேகால் சுண்டு தண்ணீர். கொதித்ததும் நெருப்பைக் குறைத்து மூடுங்கள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் சோற்று மட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது அரைச் சுண்டு தேங்காய்ப்பால் சுற்றிவர ஊற்றுங்கள். அதுவும் இழுத்த பிறகு கரண்டியால் ரெண்டு குழி தோண்டி ஆளுக்கொரு முட்டை உடைத்து ஊற்றி மூடுங்கள். ஐந்தாறு நிமிஷத்தில் வெள்ளைக் கரு இறுகிவிடும். அடுப்பை நிறுத்தி இன்னும் ஐந்து நிமிஷம் மூடியைத் திறக்காமல் விடுங்கள். மேலே மிளகுத்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. நாட்டரிசி என்றால் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊறட்டும், தண்ணீர் அரைச் சுண்டு கூட்டுங்கள்.

இடியப்பக் கொத்து. வகுப்பு முடிந்து வரும் வழியில் பத்து இடியப்பம் வாங்கினால் ரெண்டு பேருக்குக் காணும். வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், லீக்ஸ், கரட் எல்லாவற்றையும் நன்றாகச் சூடான தாச்சியில் மூன்று நிமிஷம் வதக்குங்கள். ஓரமாக ஒதுக்கிவிட்டு நடுவில் ரெண்டு முட்டையைப் பொரித்துக் கிளறுங்கள். பகல் மிஞ்சிய கோழி ஆணம் இருந்தால் ரெண்டு துண்டை உதிர்த்துக் குழம்போடு சேருங்கள். கடைசியில் இடியப்பத்தைக் கையால் பிய்த்துப் போட்டு ஒரு கிளறல். பத்து நிமிஷ வேலை. இதற்கு மட்டும் நெருப்பு பலமாக இருக்க வேண்டும், மூடி வேண்டாம். மூடினால் இடியப்பம் களியாகிவிடும்.

டின்மீனும் கிழங்கும். ரெண்டு கிழங்கை மெல்லிசாக வெட்டி, வெங்காயம், மஞ்சள், கொச்சிக்காய்த்தூளோடு ஒரு பிரட்டு பிரட்டி, மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் விட்டு மூடுங்கள். பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். ரெண்டு தக்காளியும் சின்ன டின்மீன் ஒன்றும் அதன் தண்ணீரோடு சேரட்டும். மீனில் உப்பு இருக்கிறது, கவனம். இன்னும் ஐந்து நிமிஷம். சூடான பாணோடு சாப்பிட வேறொன்றும் தேவையில்லை.

தேங்காய் பற்றி ஒரு வார்த்தை. ரெண்டு பேருக்குக் கால் தேங்காய் போதும். உடைத்ததும் கண் இருக்கும் பாதியை முதலில் பாவியுங்கள். அதுதான் கெதியாகக் கெடும். மற்றப் பாதியைத் துருவிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் உறையவிட்டால் அந்த வாரத்துக்கு வரும்.

இவ்வளவும் எங்களுக்காக மட்டும் எழுதவில்லை.

அக்குறணை, மடவளை, உடதலவின்னப் பக்கம் ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். மாடி வீடுகள். மேல்மாடி பூட்டியிருக்கும். பிள்ளைகள் கட்டாரில், லண்டனில், கொழும்பில். கீழே ஒரு வாப்பா, ஒரு உம்மா. எட்டுப் பேருக்குச் சமைத்த வீட்டில் இன்று ரெண்டு பேர். ராவைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டால், "பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும் மகன், ரெண்டு பேருக்காக அடுப்பு மூட்டுறதா?" என்பார்கள்.

எங்கள் முன்வீட்டு மாமியும் அதைத்தான் சொன்னார். மாமாவுக்குச் சீனி வருத்தம். சீனிக்கு மருந்து எடுக்கிறவர்கள் சாப்பாட்டைத் தவறவிட்டால், அந்த மருந்தைப் பொறுத்து, இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மாமிக்கு அது தெரியாமல் இல்லை. ஒன்பது பேருக்குப் பொங்கிப்போட்ட கைக்கு ஒரு சுண்டு அரிசியை அளக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அளந்தால் வீடு வெறுமையாகிப் போனது கண்ணுக்குத் தெரியும். போதாததற்கு, அந்த அடுப்படியில் இருந்ததிலேயே சின்னச் சட்டி பத்துப் பேருக்கானது.

கண்டிச் சந்தையில் மூடி போட்ட சின்னத் தாச்சி ஒன்று வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தோம். "இது புள்ளைகள் விளையாடுற சட்டி" என்று மாமி சிரித்தார். அன்றிரவு அவர் அடுப்படியிலேயே நின்று பருப்புச் சோறு ஆக்கினோம். மாமா முட்டையை எடுத்து மாமியின் பக்கம் தள்ள, மாமி திருப்பித் தள்ள, கடைசியில் ஆளுக்கொன்று இருப்பதை அப்போதுதான் பார்த்தார்கள். மறுகிழமை மாமியே கொஞ்சம் மாசித் தூளும் தாளித்த செத்தலும் சேர்த்து அதை எங்களை விட நன்றாக ஆக்கி ஒரு கோப்பை அனுப்பினார்.

ரெண்டு பேர் என்பது குறைந்துபோன குடும்பம் இல்லை. நிக்காஹ் முடிந்த அன்று எல்லா வீடும் ரெண்டு பேரோடுதான் தொடங்குகிறது. பிள்ளைகள் பறந்த பிறகு பல வீடு ரெண்டு பேரோடுதான் நிற்கிறது. இடையில் அல்லாஹ் யாருக்கு எத்தனை பேரைக் கொடுக்கிறான் என்பது அவன் நாட்டம். எத்தனை பேர் என்று பார்த்துச் சாப்பாட்டுக்கு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை. எதிரே ஒரு ஆள் பசியோடு உட்கார்ந்திருந்தால், அது சமையல்தான்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது "சுகமா" என்று கேட்பதோடு "ராவைக்கு என்ன ஆக்கினீங்க?" என்றும் கேளுங்கள். பிளேன்டீ என்று பதில் வந்தால், அடுத்த முறை வரும்போது சொக்லட்டோடு ஒரு சின்னத் தாச்சியும் கொண்டு வாருங்கள். மூடியோடு வாங்க மறக்க வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் ரெண்டு பேர்தான் என்றால், நீங்கள் ஒரே தாச்சியில் ஆக்குவது என்னவென்று எங்களுக்கும் சொல்லித்தாருங்கள். எங்களுக்கு வாரத்தில் இன்னும் நாலு நாள் இருக்கிறது.

வஸ்ஸலாம்.