பூவரசங் கதியால்

எங்கட வளவின் கிழக்கு வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டி நாலு வருசமாகிறது. வெளிநாட்டில் இருக்கிற அண்ணா காசு அனுப்பினார். வருசா வருசம் கிடுகு வாங்கி வேலி அடைக்கிற செலவு மிச்சம் என்று நாங்களும் தலையாட்டினோம். ஒரே நாளில் பதினேழு பூவரசு விழுந்தது. விறகாக அடுக்கி வைத்ததைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மதிலோரம் வடிவுக்கென்று கடையில் வாங்கின பூங்கன்றுகள் வைத்தோம். ஆடி ஆவணியில் எங்கட கிணறு உவர்க்கத் தொடங்கும். அந்தத் தண்ணிக்கு இலை நுனி கருகி ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. மதிலோ பகல் முழுக்க வாங்கின சூட்டை இரவில் அறைக்குள் விட்டது.

அதைவிடப் பெரிய இழப்பு வேலியில் இருந்த பொட்டு. அதுக்குள்ளால்தான் பக்கத்து வீட்டு ஆச்சி முருங்கைக்காய் நீட்டுவா, நாங்கள் கூழ் கொடுப்போம். இப்ப ஆச்சி றோட்டால் சுத்தி வரவேணும். முழங்கால் நோவோடு அவ வரவேயில்லை.

முந்தின வருசம் சித்திரையில் பூவரசங் கதியால் ஆறு ஊன்றினோம். ஆறும் பட்டுப்போச்சு. ஆச்சியிடம் போய்ச் சொன்னோம்.

"சித்திரை வெய்யிலுக்க ஆரும் கதியால் நடுவினமே பிள்ளையள்? ஐப்பசி மழை விழட்டும்."

நேரான, மொத்தமான கொப்பாய்ப் பார்த்து ஆளுயரத்துக்கு வெட்டி, மேல் நுனியில் சாணி அப்பி, ஒரு முழ ஆழத்தில் நடச் சொன்னா. கொப்பும் அவவின் மற்றப்பக்க வேலியில்தான் வெட்டினோம். வேர் மதிலைத் தள்ளாமல் இருக்க நாலடி விட்டு நட்டோம்.

ஐந்து தளிர்த்தது. மார்கழி வரை பெய்த மழையில் வேர் பிடித்துவிட்டது. பிறகு கோடைக்கோ உவருக்கோ அது அசையவில்லை. கடற்கரையில் தானாய் நிற்கிற மரமல்லவா. விட்டால் முப்பது அடிக்குப் போகும், வெட்ட வெட்டச் சின்னதாய் நிற்கும். வெட்டின குழை ஆட்டுக்கு, மிஞ்சினது தோட்டத்துக்குப் பசளை. மயிர்க்கொட்டி வரும், அதை மறைக்க விருப்பமில்லை. கொடியில் காய்ந்த உடுப்பை உதறிவிட்டுப் போடுங்கோ.

போன மாசம் முதல் பூ. காலையில் மஞ்சள், பின்னேரம் சிவந்து வாடியது. ஆச்சிக்குப் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினோம். மதிலில் ஒரு சின்னக் கதவு வைக்கலாமா என்று அண்ணாவுக்கு எழுதியிருக்கிறோம். வாசித்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை.