நடுவில் தொடங்குவதா, ஓரத்திலா?

துண்டுத் துணிகளைச் சேர்த்து க்வில்ட் தைக்கப் பழகுகிறவர்களுக்கு, மேல்துணி முடிந்த அன்று ஒரு மிதப்பு வந்துவிடும். கலர் கலராகச் சதுரங்கள் சேர்ந்து கண்ணைப் பறிக்கும். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியாகிவிடும். இனிமேல் நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் ஒரு துணி, மெஷினில் நாலு ஓட்டு, தீர்ந்தது வேலை என்று நினைப்பு. அப்படி மெஷினில் உட்கார்ந்த பெண்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேல் பக்கம் ஒழுங்காகத்தான் இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடித்துணி மடிப்பு மடிப்பாக மாட்டித் தைபட்டிருக்கும். அதைப் பிரிக்க ஒரு முழு மத்தியானம் போகும்.

காரணம், மூன்று அடுக்குக்கும் மூன்று குணம். மேல்துணியில் மூலைவாட்டில் வெட்டிய துண்டு ஒன்றிருந்தால் போதும், இழுத்த இழுப்புக்கு நீளும். பஞ்சுத் தகட்டைச் சுருட்டித்தான் விற்கிறார்கள். பிரித்தவுடன் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அடித்துணி கண்ணுக்கே தெரியாமல் நகரும். தையல் முடியும்வரை மூன்றையும் நகராமல் பிடித்து வைக்கிற வேலைக்குத்தான் பேஸ்டிங் என்று பெயர். கோட்டு தைக்கிற டெய்லர் முதலில் நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டு, எல்லாம் முடிந்தபின் உருவிவிடுவாரே, அதே வேலைதான்.

முதல் நாளே பஞ்சுத் தகட்டைப் பிரித்துக் கட்டிலில் விரித்துவிடு. ராத்திரிக்குள் சுருக்கம் தானாகத் தளரும். மேல்துணியைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போடும்போது, தொங்குகிற நூல்களையெல்லாம் கத்தரித்துவிடு. வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரே ஒரு கறுப்பு நூல் சிக்கிக்கொண்டால் போதும், கையில் புடைத்த நரம்பு மாதிரித் தெரியும். தைத்தபிறகு அதை எடுக்க வழியே கிடையாது. அடித்துணி, மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். கூடத்துத் தரையைத் துடைத்து, அடித்துணியின் நல்ல பக்கம் கீழே போகிற மாதிரி விரித்து, நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டு. இங்கேதான் எல்லோரும் பலத்தைக் காட்டுவார்கள். துணியில் சுருக்கம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பி மேலே உள்ள இரண்டையும் சேர்த்துச் சுருக்கிவிடும்.

அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவில் உள்ளங்கையை வைத்து வெளிப்பக்கமாக நீவிக்கொண்டே போ. பிறகு சேஃப்டி பின். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு பின் தட்டுப்பட வேண்டும், அதாவது நான்கு அங்குலத்துக்கு ஒன்று. பின்னை மூடி மூடி விரல்நுனி புண்ணாகாமல் இருக்க, ஒரு டீஸ்பூனின் முனையால் ஊசியை நெம்பித் தூக்கி மூடலாம். கையால் தைக்கப் போகிறவர்கள் பின்னுக்குப் பதிலாக வெளிர் நிற நூலில் பெரிய ஓட்டுத் தையல் போடலாம். இப்போது ஸ்பிரே பசையும் வந்திருக்கிறது. தொட்டில் குழந்தைக்கான சின்ன க்வில்டுக்கு வசதிதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடி. எனக்கு அந்த வாசனை ஆகாது. அது என் பாடு.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு பெண் கேட்டாள்: "பாட்டி, நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கணும்னு நீங்க சொல்றீங்க. கர்நாடகாவில் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறாங்களே, அது தப்பா?"

அவள் சொன்னது கவந்தி. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், தைக்கிற போர்வை. ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, மூலையில் தொடங்கி, ஓரத்தை மடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். முடிக்கும்போது மூலைகளில் 'பூலா' என்று சின்னத் துணிப்பூ வைப்பார்கள். பேஸ்டிங் என்ற பேச்சே அங்கே இல்லை. தப்பா என்றால், தப்பே இல்லை. நாம் நடுவில் தொடங்குவது, அடுக்குகளுக்கிடையே மிஞ்சுகிற துணி வெளிப்பக்கமாக ஓடித் தப்பிக்கத்தான். கவந்தியில் மேல்துணி என்று முன்பே தைத்து வைத்த ஒன்று கிடையாது. தைக்கத் தைக்கத்தான் துண்டை எடுத்து மடித்து வைக்கிறார்கள். மிஞ்சினால் அந்தத் துண்டையே சிறிதாக மடித்துக்கொள்ளலாம். வங்காளத்துக் காந்தாவில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துவிட்டுத்தான் தைக்கிறார்கள்; அதனால் அங்கே முதலில் பெரிய ஓட்டுத் தையல் வந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணின் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. பெரியவர்கள் உங்களிடம் விதியைத்தான் கொடுக்கிறோம், காரணத்தை வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டோம். விளக்கு வைத்தபிறகு ஊசி கடன் கொடுக்கக்கூடாது என்பார் என் மாமியார். அகல் விளக்கு வெளிச்சத்தில் ஊசி கீழே விழுந்தால் யார் காலிலாவது ஏறும் என்பதுதான் காரணமாக இருந்திருக்கும். இன்றைக்கு வீட்டில் எல்.இ.டி எரிகிறது, தாராளமாகக் கொடு. அதே மாமியார் புதுத் துணியை அலசாமல் தைக்கவிட மாட்டார். இந்தக் காரணம் இன்னும் சாகவில்லை. அலசாத சிவப்புச் சுங்குடியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துப் பார், முதல் சலவையிலேயே தெரிந்துவிடும். இரண்டையும் கிழவி சொல் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வெளியே போடுகிறவர்களிடமும், இரண்டையும் ஒரே பயத்தோடு தூக்கிச் சுமக்கிறவர்களிடமும் எனக்கு ஒரே வருத்தம்தான். படிப்பு, வேலை, கல்யாணம் என்று வீட்டில் சொல்கிற எதற்கும் 'ஏன்' என்று கேள், கண்ணு. எரிச்சல்படுவோம். பரவாயில்லை, மறுபடி கேள்.

பின்னுக்கும் ஒரு விதி உண்டு, காரணத்தோடு சொல்லிவிடுகிறேன். பேஸ்டிங் முடித்த க்வில்டை 'அப்புறம் தைக்கலாம்' என்று அலமாரியில் வைக்காதே. மழைக்காலத்து ஈரத்தில் பின் துருப்பிடித்தால் அந்தக் கறை துணியைவிட்டு லேசில் போகாது. அந்த வாரமே தைக்க உட்கார்ந்துவிடு.